நோய்ப்பெயரும் வசைப்பெயரும்: கருவுறாமை பற்றிய தமிழ்ச் சொல்வழக்குகள் – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

திருமணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் கருவுறாத பெண் ஒருத்தி, கோயில்களுக்கும் மருத்துவர்களுக்கும் மாறிமாறிச் சென்றுவந்த பின்னர், இரத்தப் பரிசோதனை ஒன்றின் முடிவில் தன் உடலின் ஹார்மோன் சுரப்பு முறைபிறழ்ந்துள்ளதை அறிகிறாள். காரணம் இன்னதென்று தெரிந்த அந்த நாளில் அவளுக்கு மருந்தோடு ஒரு பெயரும் கிடைக்கிறது. அதுவரை ஊரார் அவளைக் குறித்த பெயர் வேறு. அன்று மருத்துவர் எழுதித் தந்த பெயர் வேறு. முன்னது வசைப்பெயர், பின்னது நோய்ப்பெயர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு மருத்துவ அறிவு சார்ந்தது மட்டுமன்று. மொழியமைப்புச் சார்ந்ததும் ஆகும்.

மருத்துவத் தமிழ் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தனித்தமிழா, கடன்சொல்லா என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல் அதைக் கேட்பவரை என்ன எண்ணச் செய்கிறது, எந்த மருத்துவத்தை நாடச் செய்கிறது, எவ்வளவு காலம் வாளாவிருக்கச் செய்கிறது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. கருவுறாமையைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் மிக இன்றியமையாதவை. சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறுகளுள் மிகப் பரவலானது பி.சி.ஓ.எஸ். எனப்படுவது. இது கருவுறும் வயதிலுள்ள பெண்களுள் 8 முதல் 13 விழுக்காட்டினரிடம் காணப்படுவதாகவும், அவர்களுள் 70 விழுக்காடு வரையானோரிடம் இது கண்டறியப்படாமலே இருப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. இக்காலத்தாழ்வுக்கு வறுமை, கூச்சம், மருத்துவ வசதியின்மை எனப் பல காரணங்கள் உண்டு. தமிழ் பேசும் சூழலில் சொல்வழக்கும் அக்காரணங்களுள் ஒன்று என்பதையும், இறுதியில் கிடைக்கும் நோய்ப்பெயரும் குறையற்றதன்று என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர்ப் பயனிலையும் நான்காம் வேற்றுமையும்

கீழ்வரும் இரு தொடர்களை ஒப்புநோக்கலாம்.

(1) அவள் மலடி.
(2) அவளுக்குத் தைராய்டு இருக்கிறது.

முதல் தொடர் எழுவாயும் பெயர்ப் பயனிலையும் கொண்டது. 'மலடு' என்னும் அடிச்சொல் பெண்பால் விகுதி ஏற்று ஆளைக் குறிக்கும் பெயராகிறது. 'அவள் ஆசிரியை' என்பதிற்போலவே இதிலும் எழுவாயும் பயனிலையும் ஒன்றென நாட்டப்படுகின்றன. காலம் காட்டும் உறுப்பு இத்தொடரில் இல்லை. நேற்றும் இன்றும் நாளையும் அவள் அதுவே என்பது இதன் பொருள்.

இரண்டாம் தொடரில் 'அவள்' எழுவாயாக நிற்கவில்லை. 'கு' உருபேற்று நிற்கிறாள். 'எனக்குக் காய்ச்சல்', 'குழந்தைக்குப் பசி' என்னும் தொடர்களிற்போல, நுகர்பவர் ஒருபுறமும் நுகரப்படுவது மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றனர். நோய் அவளிடம் வந்து தங்கிய ஒன்றாகச் சொல்லப்படுகிறது. வினைமுற்று இருத்தலின் காலமும் தெரிகிறது. 'இருக்கிறது' என்பது 'இருந்தது' என மாறுவதற்கு இத்தொடர் இடம் தருகிறது. 'அவள் மலடி' என்னும் தொடர் அவ்விடத்தைத் தருவதில்லை.

நோய் கண்டறியப்படும்போது நிகழ்வது இம்மாற்றமே. அதுவரை பயனிலையாக இருந்த குறை எழுவாயாகிறது; அக்குறையோடு ஒன்றாக்கப்பட்டிருந்த பெண் அதனின்று பிரிகிறாள். உடலில் நோய் உள்ளதென்று கேட்கும் பெண் வருத்தமுறாமல் நிம்மதி அடைவது காண்போருக்கு வியப்பளிக்கலாம். தன்னைப் பற்றிய கூற்று தன்னிடமுள்ள ஒன்றைப் பற்றிய கூற்றாக மாறியதே அந்நிம்மதிக்கு அடிப்படை.

'தைராய்டு இருக்கிறது' என்னும் வழக்கு இலக்கணப்படி ஆகுபெயர். தைராய்டு என்பது எல்லார் கழுத்திலும் உள்ள சுரப்பியின் பெயர். அது சுரப்புக் குறையையோ மிகையையோ குறித்து நோய்ப்பெயராக வழங்குகிறது. 'சுகர்', 'பிரஷர்' என்பனவும் இத்தகையன. இவ்வழக்கைப் பிழையென்று திருத்த முற்படுவோர் உளர். எனினும் 'எல்லார்க்கும் உள்ள உறுப்பில் எனக்கு ஒரு கோளாறு' என்னும் பொருளை இச்சிறு தொடர் பேசுவோர்க்குத் தந்துவிடுகிறது. வசையற்ற ஒரு வழக்கை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டுள்ளனர்.

2. தோஷமும் நோயும்

மேற்கூறிய முடிவுக்குத் தடையாக ஒரு தொடர் உண்டு.

(3) அவளுக்கு நாகதோஷம் இருக்கிறது.

இதுவும் நான்காம் வேற்றுமைத் தொடரே. ஆயின், பெண்ணைக் குறையினின்று பிரிக்கும் பணியைச் சோதிட வழக்கு முன்பே செய்துள்ளது எனலாம். 'மலடி' என்ற பெயரின் சுமையைத் தாங்கமாட்டாத குடும்பங்கள் 'தோஷம்', 'சாபம்' என்னும் சொற்களை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தோஷத்திற்குப் பரிகாரம் உண்டு. மலடிக்கு மாற்று இல்லை. எனவே, மருத்துவ நோய்ப்பெயர் வெற்றிடத்தில் வந்து அமரவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு தொடரமைப்பில் தோஷத்தின் இடத்தை அது பெற்றது. (2), (3) ஆகியவற்றின் வேறுபாடு தொடரமைப்பில் இல்லை. மெய்ம்மை காணும் முறையில் உள்ளது. தைராய்டு சுரப்பைத் தூண்டும் டி.எஸ்.எச். அளவை மீண்டும் அளந்து பார்க்கலாம். மருந்தால் அது சீரானதா என்று காணலாம். பரிகாரம் பலிக்காதபோது பழி மீண்டும் பெண்ணின்மேல் விழுகிறது. மருந்து பலிக்காதபோது மருந்தின் அளவு மாற்றப்படுகிறது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) இவ்விடத்தில் கருதத்தக்கது. திருச்செங்கோட்டுப் பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நிகழும் இக்கதையில் காளியும் பொன்னாவும் நெடுங்காலம் பிள்ளையின்றி வாழ்கின்றனர். 2014ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த எதிர்ப்பும், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்நாவலின் திருவிழாப் பகுதியின்மேலும் கருத்துரிமையின்மேலும் கவனத்தைக் குவித்தன. அதன் விளைவாக, பிள்ளையின்மை பற்றிய மொழியை நாவல் எவ்வாறு கையாள்கிறது என்பது பின்தள்ளப்பட்டது. இருவருள் எவரிடம் குறை, அது என்ன குறை என்பது நாவலில் அறியப்படுவதே இல்லை. காரணம் இருக்கவேண்டிய இடத்தைக் குலச்சாபக் கதைகளும் வேண்டுதல்களும் ஊராரின் சொற்களும் நிரப்புகின்றன. ஒருவர்க்கொருவர் குறையற்ற அன்புடைய இணையரைப் பிரிப்பது இந்நிரப்பலே. நாவலாசிரியர் மருத்துவக் காரணம் எதையும் சேர்க்காமல் விட்டது கதைக்காலத்திற்குப் பொருந்துவது. அதுவே நாவலின் வலிமையும் ஆகும். அக்காலத்தில் பெயரற்று இருந்த குறைகளுள் பல இன்று பெயர் பெற்றுள்ளன. பெயர் இருந்தும் அது உரியவரைச் சென்றடையாத நிலையில் இன்றைய பெண்ணின் நிலை பொன்னாவின் நிலையினின்று பெரிதும் வேறுபடுவதில்லை.

3. தன்மை, இன்மை, ஆமை

இத்துறையில் வழங்கும் பொதுச்சொற்கள் மூன்று: மலட்டுத்தன்மை, குழந்தையின்மை, கருவுறாமை. செய்தித்தாள்களும் நலவாழ்வு நூல்களும் இவற்றை வேறுபாடின்றி ஆளுகின்றன. ஆனால் இவற்றின் சொல்லாக்கம் வெவ்வேறு பொருள்களைத் தருவதாகும்.

'மலட்டுத்தன்மை' என்பது ஆளுக்குரிய வசையைப் பண்பாக மாற்றுகிறது. 'தன்மை' என்னும் ஈறு உடன்பிறந்த இயல்பைக் குறிப்பது. மேலும் 'மலடு' என்னும் சொல் பசுவுக்கும் மரத்திற்கும் வழங்குவது. பயன் தராதது என்னும் பொருளை அது உடன்கொண்டு வருகிறது. 'குழந்தையின்மை' இவ்வசையை நீக்குகிறது. எனினும், கருவுற்றுக் கரு கலைந்தவரையும், குழந்தையை இழந்தவரையும், குழந்தை வேண்டாவென்று இருப்பவரையும் அது ஒருங்கே உள்ளடக்கும். ஒரு குழந்தை பெற்றபின் மீண்டும் கருவுறாதவரை அது உள்ளடக்காது. இத்தகையவரைக் குறிக்க வடமொழி 'காகவந்தியா' என்றொரு சொல்லை ஆக்கியது. வசையின் எல்லை எவ்வளவு நுட்பமாக வரையப்பட்டிருந்தது என்பதற்கு அச்சொல் சான்றாகும்.

'கருவுறாமை' எதிர்மறைத் தொழிற்பெயர். ஒரு நிகழ்ச்சி நிகழவில்லை என்பதை மட்டுமே அது கூறுகிறது. எவர் குறையென்று கூறவில்லை. கருத்தடையின்றி முறையாகக் கூடிவாழ்ந்தும் 12 மாதங்களுக்குள் கரு உண்டாகாத நிலை என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் வரையறை. இவ்வரையறையும் நிகழாமையையே கூறுவதால் மூன்று சொற்களுள் 'கருவுறாமை'யே இதற்குப் பொருந்துவதாகும்.

4. இடக்கரடக்கல் மறைக்கும் நோய்க்குறி

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என இலக்கணநூலார் பகுத்தனர். மாதவிலக்கும் கருவுறுதலும் பற்றிய தமிழ் வழக்குகள் முன்னிரண்டில் அடங்கும். 'நாள் தள்ளிப்போயிருக்கிறது', 'முழுகாமல் இருக்கிறாள்', 'குளிக்காமல் இருக்கிறாள்', 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்னும் வழக்குகளை எடுத்துக்கொள்ளலாம். இவற்றுள் முதல் மூன்றும் மாதவிலக்கு வரவில்லை என்பதையே நேர்பொருளாகக் கொண்டவை. வழக்கில் அவை கருவுற்ற நற்செய்தியைக் குறிக்கின்றன.

சினைமுட்டை வெளிப்படாமையால் கருவுறாத பெண்ணின் முதன்மையான நோய்க்குறியும் மாதவிலக்குத் தள்ளிப்போதலே. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் உரிய ஒழுங்கில் சமிக்ஞை தராதபோது, சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளிப்படுவதில்லை. முட்டை வெளிப்பட்ட பின்னரே சுரக்கவேண்டிய புரோஜெஸ்ட்ரோன் சுரப்பதில்லை. ஆகவே மாதவிலக்கும் உரிய நாளில் வருவதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, புரோலாக்டின் மிகை ஆகியவற்றிலும் இக்குறி காணப்படலாம். சுழற்சி 35 நாள்களுக்கு மேற்படுவதும், ஆண்டுக்கு 8 முறைக்குக் குறைவாக வருவதும் ஒழுங்கின்மையாகக் கருதப்படுகின்றன.

நற்செய்தியின் மொழியும் நோய்க்குறியின் மொழியும் இவ்வாறு ஒன்றாகிவிடுகின்றன. 40 நாள், 50 நாள் கடந்தும் மாதவிலக்கு வராதபோது வீட்டில் எழுவது எதிர்பார்ப்பு; மருத்துவரிடம் செல்லவேண்டும் என்னும் எண்ணமன்று. பின்னர் மாதவிலக்கு வரும்போது 'தங்கவில்லை' என்று அது விளக்கப்படுகிறது. உண்டாகாத கரு உண்டாகி அழிந்ததாக இச்சொல் கருதவைக்கிறது. 'அவளுக்குத் தங்குவதே இல்லை' என்னும் கூற்று, முட்டை வெளிப்படாமை என்னும் காரணத்தைக் கருப்பையின் ஆற்றாமையாக மாற்றிவிடுகிறது. மாதந்தோறும் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் சுழல, ஆண்டுகள் கழிகின்றன. மங்கல வழக்கு மென்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விடத்தில் அம்மென்மைக்குப் பெண் தரும் விலை பெரிது.

5. 'நீர்க்கட்டி' என்னும் பெயர்

இறுதியில் பெயர் கிடைக்கிறது: 'கர்ப்பப்பை நீர்க்கட்டி'. பி.சி.ஓ.எஸ். என்பதற்குத் தமிழில் மிகப் பரவலாக வழங்கும் பெயர் இதுவே. இப்பெயரின் இரு உறுப்புகளும் பிழையானவை.

முதலாவது, உறுப்பு கர்ப்பப்பை அன்று. கோளாறு வெளிப்படும் இடம் சினைப்பை. பாடநூல்களும் மருத்துவ நூல்களும் இவ்வுறுப்பை அண்டகம், சூலகம், சினைப்பை, கருவகம், கருமுட்டைப்பை எனப் பலவாறு வழங்குவதால் எதுவும் மக்கள் நாவில் நிலைபெறவில்லை. பேச்சுவழக்கில் பெண்ணின் உள்ளுறுப்பு அனைத்திற்கும் 'கர்ப்பப்பை' ஒன்றே பெயர். ஆகவே, இந்நோய்ப்பெயரைக் கேட்கும் பெண், கர்ப்பப்பையை எடுக்க நேருமோ என்று அஞ்சுவது இயல்பு.

இரண்டாவது, கட்டி கட்டி அன்று. அலகீட்டுப் படத்தில் காணப்படுபவை 2 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான நுண்ணறைகள். ஒவ்வொன்றும் முதிராமல் நின்றுவிட்ட முட்டையைக் கொண்டது. சிகாகோ மருத்துவர்களான ஸ்டெயினும் லெவன்தாலும் 1935இல் 7 பெண்களின் நோய்நிலையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டபோது, சினைப்பைகளின் தோற்றமே அவர்கள் கண்ணுக்குப் புலனாயிற்று. ஹார்மோன் அளவுகளை இன்றுபோல் அளக்க அன்று வழியில்லை. தோற்றமே பெயராக நிலைத்தது. பின்னர் 2003இல் ராட்டர்டாமில் கூடிய அறிஞர்கள், முட்டை வெளிப்பாட்டில் ஒழுங்கின்மை, ஆண்தன்மை ஹார்மோன்களின் மிகை, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டு இருந்தால் போதும் என வரையறுத்தனர். அதாவது, 'கட்டி' இல்லாமலே இந்நோய் இருக்கலாம். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 2012இல் கூட்டிய வல்லுநர் குழு, இப்பெயர் குழப்பம் விளைவிப்பதால் மாற்றப்படவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆங்கிலப் பெயரிலேயே உள்ள இப்பிழை தமிழில் மேலும் பெருகியுள்ளது. தமிழில் 'கட்டி' என்பது சீழ்க்கட்டி முதல் புற்றுக்கட்டி வரை அனைத்தையும் குறிக்கும் ஒரே சொல்.

சொல் தனித்து வருவதில்லை. தன் வினைகளோடு வருகிறது. கட்டி கரையும், உடையும், எடுக்கப்படும். 'நீர்க்கட்டியைக் கரைக்கும் மருந்து' என்னும் விளம்பரம் எளிதில் நம்பப்படுவதற்கு இவ்வினைச்சேர்க்கையே காரணம். உண்மையில் கரைக்கவேண்டியது எதுவும் இல்லை. இன்சுலினுக்கு உடல் போதிய அளவு இணங்காமையால் அதன் அளவு உயர்ந்து, அது சினைப்பையில் ஆண்தன்மை ஹார்மோன்களின் சுரப்பை மிகுவித்து, முட்டையின் முதிர்ச்சியைத் தடுப்பது இந்நோயின் முக்கியமான இயக்கங்களுள் ஒன்று. உணவு, உடற்பயிற்சி, முட்டையை முதிர்விக்கும் மருந்து ஆகியன இதற்குரிய வழிகள். 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் முட்டை வெளிப்பாட்டைத் தூண்டுவதற்கு லெட்ரோசோலை முதல் மருந்தாகப் பரிந்துரைக்கின்றன. 'சீராக்குதல்' என்னும் வினைக்கு உரிய நோயைக் 'கரைத்தல்' என்னும் வினைக்கு உரியதாகப் பெயர் மாற்றிவிடுகிறது. காத்திருந்து பெற்ற நோய்ப்பெயர் மீண்டும் தவறான வாயிலுக்கே பெண்ணை இட்டுச்செல்கிறது.

6. மொழிபெயர்க்கப்பட்ட பிழைகள்

பழைய மருத்துவப் பிழை மொழிபெயர்ப்பு வழியே தமிழுக்குள் புகுந்தமைக்கு இது மட்டும் சான்றன்று. பிட்யூட்டரி என்னும் சொல் கோழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. மூளையின் கழிவு இச்சுரப்பி வழியே மூக்கில் இறங்குவதாகப் பண்டை ஐரோப்பிய மருத்துவர் கருதினர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் 'கபச்சுரப்பி' என்று மொழிபெயர்த்தன. சொல்லாக்க நோக்கில் இது மிகச் செம்மையானது. ஆயினும் மேலைநாட்டார் கைவிட்ட கருத்தைத் தமிழ் மாணவர் மீண்டும் கற்கும்படி செய்கிறது. பொருள் விளங்காத கடன்சொல்லைவிடப் பிழையான பொருளை விளக்கும் மொழிபெயர்ப்பு மிகுந்த தீங்கு தரவல்லது.

இதற்கு மறுதலையாக 'இயக்குநீர்' என்னும் சொல்லைக் காட்டலாம். ஹார்மோன் என்னும் சொல்லை 1905இல் ஸ்டார்லிங் வழக்கிற்குக் கொணர்ந்தார். அதன் கிரேக்க அடிச்சொல் 'தூண்டி இயக்குதல்' எனப் பொருள்படும். 'இயக்குநீர்' அப்பொருளைத் தருவதோடு, ஓரிடத்தில் சுரந்து வேறோரிடத்தை இயக்கும் தொழிலையும் உணர்த்துகிறது. 'ஹார்மோன் கோளாறு' என்னும் வழக்கு எல்லா நோய்க்கும் பொதுவான விடையாகத் தேய்ந்துவரும் நிலையில், இத்தகைய சொல் விளக்கத்திற்குத் துணைசெய்யும்.

7. 'ஆண்மை' என்னும் தடை

'மலடன்' என்னும் ஆண்பாற்சொல் மொழியில் இருப்பினும் வழக்கில் அரிது. ஆணைக் குறித்து வழங்குவது 'ஆண்மைக்குறைவு'. இச்சொல் புணர்ச்சி ஆற்றலையும் கருவளத்தையும் ஒன்றாக்குகிறது. ஆற்றலில் குறையற்றவன் வளத்திலும் குறையற்றவன் என்னும் பிழையான முடிவுக்கு இது வழிவகுக்கிறது. எளிய விந்துப் பரிசோதனையை ஆண் மறுப்பதற்கும், மனைவி மட்டும் ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு உட்படுவதற்கும் இதுவும் காரணம். ஆண்களிடத்தும் பிட்யூட்டரியின் தூண்டல் குறைந்து விந்தணு உற்பத்தி நின்றுபோவது உண்டு. உரிய ஹார்மோன் ஊசிகளால் அதைப் பெரும்பாலும் மீட்க இயலும். ஆனால் 'ஆண்மை' பெருக்கும் நோக்கில் டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து செலுத்திக்கொண்டால், பிட்யூட்டரியின் தூண்டல் ஒடுங்கி விந்தணுக்கள் மேலும் குறையும். சொல் காட்டும் வழியும் உடல் செல்லும் வழியும் இங்கு நேர்மாறானவை.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. 'மலடி' என்பதிலிருந்து நோய்ப்பெயருக்கு நகர்தல், பெயர்ப் பயனிலையிலிருந்து நான்காம் வேற்றுமைத் தொடருக்கு நகர்தலாகும். இது பெண்ணைக் குறையினின்று பிரித்துக் காலத்தையும் மாற்றத்தையும் அவளுக்குத் திருப்பித் தருகிறது.

2. பொதுச்சொல்லாகக் 'கருவுறாமை'யை ஆள்வதே தகும். 'மலட்டுத்தன்மை' நலவாழ்வு எழுத்திலிருந்து நீக்கப்படவேண்டும்.

3. 'நாள் தள்ளிப்போதல்' நோய்க்குறியும் ஆகும் என்பதை நலவாழ்வு நூல்கள் வெளிப்படையாகக் கூறவேண்டும். 'நாள் தள்ளியிருக்கிறதா?' என்று வினவும் மருத்துவர், 'அடிக்கடி அவ்வாறு நிகழ்வதுண்டா?' என்றும் வினவுதல் வேண்டும்.

4. 'கர்ப்பப்பை நீர்க்கட்டி' கைவிடத்தக்கது. 'சினைப்பை இயக்குநீர்ப் பிறழ்வு' என்பது இடத்தையும் காரணத்தையும் ஓரளவு சரியாகச் சுட்டும். இன்சுலின் தொடர்பை இச்சொல் உணர்த்தவில்லை என்பது ஒரு குறை. எனினும் கரைக்கவேண்டிய கட்டி ஒன்று உண்டென்று இது கூறாது.

5. ஆணின் கருவளத்தைக் குறிக்க 'ஆண்மை' சாராத சொல் வேண்டும். 'விந்தணுக் குறைவு' என்பது அளவைக் கூறுவது, ஆளைக் கூறாதது. அதுவே போதுமானது.

பெயர் நோயைத் தீர்ப்பதில்லை. நோய்ப்பெயர் அறிந்த அனைவரும் குழந்தை பெறுவதும் இல்லை. எனினும் சரியான பெயர் உரிய காலத்தில் கிடைக்குமாயின், பல ஆண்டுகள் வீட்டிலும் வெளியிலும் கேட்கநேரும் வசைப்பெயர் ஒன்றைப் பெண் கேளாதிருக்க இயலும். மருத்துவத் தமிழின் பயன் கலைச்சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் ஒருத்தி, தன் மாமியாரிடமும் கணவனிடமும் அதைத் தன் சொற்களில் எடுத்துரைக்க முடிகிறதா என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.